வார்ம்-அப் பண்ணாத ஒரு காலைப்பொழுது... புரூஸ் லீயைப் படுக்கையில் போட்ட கதை!

சண்டைப் படத்துல ஹீரோவும் வில்லனும் நேருக்கு நேர் வந்துட்டா, அடுத்த நொடி என்ன நடக்கணும்? அடி விழணும். அதானே நம்ம எல்லாரோட எதிர்பார்ப்பும்!

1972-ல வந்த 'தி வே ஆஃப் தி டிராகன்' படத்தோட க்ளைமாக்ஸை யூடியூப்ல தேடிப் பாருங்க. ரோம் நகரத்து கொலோசியம். ஒரு பக்கம் புரூஸ் லீ, இன்னொரு பக்கம் சக் நாரிஸ். ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கிறாங்க. ஆனா, அடிச்சுக்கல. சட்டையைக் கழட்டிட்டு, பொறுமையா வார்ம்-அப் பண்றாங்க. கையை நீட்டி, இடுப்பைத் திருப்பி, காலை மடக்கி, விரல்ல சொடக்கு எடுத்து... ஒரு குட்டிப் பூனை அதை வேடிக்கை பார்க்குது. அதுக்கப்புறம்தான் சண்டையே ஆரம்பிக்குது.

அந்தப் படத்தை எழுதி இயக்கினவரும் புரூஸ் லீதான். வார்ம்-அப்பை வெட்டி எறிஞ்சிட்டு நேரா சண்டைக்குப் போயிருக்கலாம். ஆனா அவர் அதை விடல. அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அவர் வாழ்க்கையில வந்த ஒரு காலைப்பொழுதுதான் ஞாபகத்துக்கு வரும்.

'லெக் ஸ்ட்ரெட்ச்சிங் மெஷின்' ஒண்ணைப் பார்த்துட்டு, ஆன்லைன் கார்ட்ல போட்டு வெச்சிருக்கீங்களா? 30 நாள்ல ஸ்ப்ளிட் போடலாம்னு ஒரு ரீல்ஸ் சொல்லுச்சா? சரி, ஆர்டர் பண்ணுங்க. ஆனா பண்றதுக்கு முன்னாடி இந்தக் கதையைக் கேட்டுடுங்க.

ஒரு இடத்துல உட்காராத பையன்

1940, நவம்பர் 27. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவுல, சீனர்கள் வாழ்ற பகுதியில இருந்த ஒரு மருத்துவமனையில பிறந்தார் புரூஸ் லீ. அப்பா லீ ஹோய் சுவென், கான்டனீஸ் இசை நாடக நடிகர். நாடகக் குழுவோட அமெரிக்கா வந்திருந்தப்ப பிறந்த குழந்தை இது. சில மாசத்துலயே குடும்பம் ஹாங்காங் திரும்பிடுச்சு.

சினிமா நமக்குத் தெரிஞ்ச 'டிராகன்'ல ஆரம்பிக்கல. கைக்குழந்தையா இருக்கும்போதே ஒரு படத்துல தலைகாட்டிட்டார். ஹாங்காங்ல சின்ன வயசுலயே வரிசையா பல படங்கள். வீட்ல அவருக்கு ஒரு பட்டப்பேர் இருந்துச்சு; ஒரு நிமிஷம்கூடச் சும்மா உட்காராதவன்னு அதுக்கு அர்த்தம். நம்ம வீடுகள்ல வாலில்லாக் குரங்குன்னு செல்லமா திட்டுவாங்களே, கிட்டத்தட்ட அதேதான்!

பதின்ம வயசுல தெருச்சண்டை. அதுக்காகவே தற்காப்புக் கலை கத்துக்கப் போனார். குரு, இப் மேன். கலை, விங் சுன். இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. விங் சுன் பெரும்பாலும் கைகளோட கலை. உதை இருக்கும், ஆனா இடுப்புக்குக் கீழேதான். தலைக்கு மேல பறக்குற அந்த உதை, புரூஸ் லீ கூடவே பிறந்தது கிடையாது. பின்னாடி, வருஷக்கணக்கா உட்கார்ந்து சம்பாதிச்சது.

இன்னொரு விஷயம் தெரியுமா? 1958-ல ஹாங்காங் சா-சா டான்ஸ் சாம்பியன் அவர். அந்தக் கால் வேலைக்கு முதல் பள்ளிக்கூடம் டான்ஸ் ஃப்ளோர்தான்.

இதுல இயற்கை பண்ணின ஓரவஞ்சனை ஒண்ணும் இருக்கு. அவரோட வலது கால், இடது காலைவிட ஏறக்குறைய ஒரு அங்குலம் குட்டை. கண் பார்வையும் சுமார்தான், கான்டாக்ட் லென்ஸ் போட்டார். ரெண்டையும் அவர் மறைக்கல. குட்டையான காலாலேயே சில உதைகளுக்குக் கூடுதல் வேகம் கிடைக்குதுன்னு கண்டுபிடிச்சு, அதையே தன்னோட ஸ்டைலா மாத்திக்கிட்டார்.

மூணு நிமிஷச் சண்டை

1959. ஹாங்காங் தெருச்சண்டைகள் எல்லை மீற, அப்பா அவரைக் கப்பல் ஏத்தி அமெரிக்காவுக்கு அனுப்பினார். கையில 100 டாலர். சியாட்டில்ல ஒரு சீன உணவகத்துல சர்வர் வேலை, அதுக்கு மாடியில தங்குற இடம். பகல்ல படிப்பு. பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகம். கூடவே குங்ஃபூ வகுப்பு. அங்கே மாணவியா வந்த லிண்டாவை 1964-ல கல்யாணம் பண்ணிக்கிட்டார்.

அதே காலகட்டத்துல ஓக்லாந்துக்கு இடம் மாறினார். அங்கே வோங் ஜாக் மேன்ங்கிற இன்னொரு குங்ஃபூ வீரரோட பூட்டிய கதவுக்குள்ள ஒரு சண்டை. ஏன் நடந்துச்சு, எப்படி முடிஞ்சுச்சுங்கிறதுல இன்னிக்கும் ரெண்டு கட்சி உண்டு. நிறைமாதக் கர்ப்பிணியா பக்கத்துல இருந்து பார்த்த லிண்டா சொன்ன கணக்குப்படி, சண்டை நடந்தது மூணு நிமிஷம்தான், ஜெயிச்சது புரூஸ் லீதான்.

ஜெயிச்ச மனுஷன் வாசல்ல உட்கார்ந்து யோசிச்சார். சந்தோஷமா இல்ல. மூணு நிமிஷத்துக்கே இவ்வளவு மூச்சு வாங்குதேங்கிற எரிச்சல். கலை தெரிஞ்சா மட்டும் போதாது, அந்தக் கலையைத் தாங்குற உடம்பு வேணும்னு அன்னிக்குப் புரிஞ்சுச்சு. நம்மள்ல பலருக்கு தோத்தாதான் ஜிம் ஞாபகம் வரும். அவருக்கு ஜெயிச்ச அன்னிக்கு வந்துச்சு.

வீடே ஜிம்!

அதுக்கப்புறம் ஓட்டம், ஸ்கிப்பிங், எடைப் பயிற்சின்னு எதையும் விடல. ஓக்லாந்து நண்பர் ஜேம்ஸ் லீ, வெல்டிங் தெரிஞ்சவர், பளு தூக்கினவர். இன்னொரு நண்பர் ஜார்ஜ் லீ, மெஷினிஸ்ட். பிடியை பலப்படுத்துற கருவி அது இதுன்னு புரூஸ் லீ மனசுல வர்றதைச் சொல்ல, ஜார்ஜ் லீ அதை இரும்புல செஞ்சு கொடுப்பார். இன்னிக்கு நாம 'கஸ்டமைஸ்டு'ன்னு காசு கொட்டிக் கொடுத்து வாங்குறதை, அவருக்கு நண்பர்கள் பட்டறையில தட்டிக் கொடுத்தாங்க.

கால் உயரணுமே? அதுக்கு அவர் பயன்படுத்தினது ரொம்ப எளிமையான விஷயம். மேலே ஒரு கப்பி. அதாங்க, நம்ம கிணத்து ராட்டினம் மாதிரி. அதுல ஒரு கயிறு. ஒரு முனை கணுக்கால்ல, இன்னொரு முனை கையில. கையால கயிறை இழுக்க இழுக்க, கால் மெதுவா மேலே போகும். நின்னுக்கிட்டே பண்ணலாம். வீட்டுலயே பண்ணலாம்.

இந்தக் கப்பியில ஒரு சூட்சுமம் இருக்கு. இழுக்குறதும் நீங்கதான், வலிக்கிறதும் உங்களுக்குத்தான். தொடையில 'போதும்'னு தோணுற அதே நொடியில கை தானா நின்னுடும். உங்களுக்குத் தெரியாம அது ஒரு இஞ்ச்கூட நகராது. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவை அமெரிக்காவுல வளர்த்த ஜூன் ரீ நண்பரானதும், உயரமான உதைகள்ல இன்னும் தேர்ச்சி வந்துச்சு. நிஜச் சண்டையில தலைக்கு மேல உதைக்கிறது ஆபத்து, கீழே உதைக்கிறதுதான் புத்திசாலித்தனம்னு புரூஸ் லீ நினைச்சார். ஆனா கேமராவுக்கு உயரம் வேணும்னும் தெரிஞ்சு வெச்சிருந்தார்.

உடற்பயிற்சிக்குத் தனி நேரம், தனி அறைன்னு அவர் பார்க்கல. டி.வி ஓடும், கையில புத்தகம் இருக்கும், இன்னொரு கையில டம்பெல் இருக்கும், கால் எதன் மேலயாவது நீட்டப்பட்டிருக்கும். லிண்டா சொன்ன வீட்டுச் சித்திரம் இதுதான். ஒரு இடத்துல உட்காராத அந்தப் பையன் எங்கேயும் போகலன்னு புரியுதா?

1966-ல 'தி க்ரீன் ஹார்னெட்' டி.வி தொடர். கேட்டோ கேரக்டர். முகமூடி, காரோட்டி வேலை, மின்னல் உதை. ஒரே சீஸன்ல தொடர் நின்னுடுச்சு. அப்புறம் சின்னச் சின்ன வேஷங்கள். ஸ்டீவ் மெக்வீன், ஜேம்ஸ் கோபர்ன் மாதிரி ஹாலிவுட் நட்சத்திரங்களுக்குத் தனி வகுப்பு எடுத்தார். 1968-ல லாஸ் ஏஞ்சல்ஸ் பெல் ஏர் பகுதியில வீடு வாங்கினார். மாசாமாசம் தவணை. பையன் பிராண்டன், 1969-ல பிறந்த பொண்ணு ஷேனன். வருமானம் ஏற இறங்க இருக்க, குடும்பத்தோட மூலதனம் ஒண்ணே ஒண்ணுதான், அவரோட உடம்பு.

அந்த ஆகஸ்ட் காலை

1970, ஆகஸ்ட். வழக்கம்போல பயிற்சி. 'குட் மார்னிங்'னு ஒரு எக்சர்சைஸ் இருக்கு. பளுக் கம்பியைத் தோள்ல வெச்சுக்கிட்டு, முதுகு நேரா இருக்க, இடுப்புலேர்ந்து முன்னாடி குனிஞ்சு நிமிரணும். பேர்தான் இனிமை, முதுகுக்கு செம வேலை. அன்னிக்கு அவர் தோள்ல இருந்தது 125 பவுண்டு, அதாவது 57 கிலோ கிட்ட. அவரோட மொத்த எடையே 60 கிலோ சுத்திதான்.

தினமும் உடம்பை வளைச்சு, நீட்டி, சூடேத்திப் பழகின அந்த மனுஷன், அன்னிக்கு சரியா வார்ம்-அப் பண்ணல. நேரா பளுவைத் தூக்கிட்டார்.

முதுகுல ஏதோ பிடிச்ச மாதிரி. முதல்ல லேசாதான் இருந்துச்சு. சூடு ஒத்தடம், மசாஜ்னு சமாளிச்சார். நாளாக நாளாக வலி ஏறுச்சு. டாக்டர்கள் பார்த்துட்டுச் சொன்னது, முதுகெலும்போட அடிப்பகுதியில நரம்பு பாதிக்கப்பட்டிருக்குன்னு. முழு ஓய்வு எடுக்கணும். குங்ஃபூவை மறந்துடணும். இனிமே உயரமா உதைக்கவே முடியாது.

ஒரு நிமிஷம் அவர் இடத்துல உங்களை வெச்சுப் பாருங்க. வயசு 29. ரெண்டு சின்னக் குழந்தைங்க. வீட்டுத் தவணை. ஒரே தொழில், அதுக்கு ஒரே கருவி. அந்தக் கருவிதான் இப்போ கட்டில்ல கிடக்குது.

லிண்டா வேலைக்குப் போனார். டெலிபோன் அழைப்புகளுக்குப் பதில் சொல்ற ஒரு நிறுவனத்துல, சாயங்காலத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும். அந்த நேரத்துல குழந்தைகளைப் பார்த்துக்கிட்டது முதுகு வலியோட இருந்த புரூஸ் லீ. மனைவி சம்பாத்தியத்துல குடும்பம் ஓடுறது அன்னிக்கு அவருக்குக் கௌரவக் குறைச்சலா பட்டுச்சு. வெளியில யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைச்சார்.

படுக்கையில கிடந்தவர் என்ன பண்ணினார்?

எழுதினார். பக்கம் பக்கமா எழுதினார். சண்டையைப் பத்தி, அசைவைப் பத்தி, பயிற்சியைப் பத்தி நோட்டு நோட்டா நிரப்பினார். உடற்கூறியல், குத்துச்சண்டை, வாள்வீச்சுன்னு கிடைச்சதையெல்லாம் படிச்சுக் குறிப்பெடுத்தார். தான் உருவாக்கின 'ஜீத் குன் டோ' முறைக்கு எழுத்து வடிவம் கிடைச்சது இந்த நாள்கள்லதான். அவர் இறந்த பிறகு, 1975-ல லிண்டா வெளியிட்ட 'டாவ் ஆஃப் ஜீத் குன் டோ' புத்தகத்துல பெரும்பகுதி இந்தக் குறிப்புகள்.

ஏறக்குறைய ஆறு மாசம் இப்படிப் போச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உடம்பை அசைக்க ஆரம்பிச்சார். ஒரே நாள்ல பழைய உதையைத் தேடல. இன்னிக்கு இவ்வளவு, நாளைக்கு இன்னும் கொஞ்சம். 1971 தொடக்கத்துல, நடக்காமப் போன ஒரு படத்துக்கு லொகேஷன் தேடி, ஜேம்ஸ் கோபர்னோட இந்தியாவுக்குக்கூட வந்துட்டுப் போனார். அந்தப் படம் கைவிடப்பட்டது பெரிய ஏமாற்றம். ஆனா அந்த வருஷமே ஹாங்காங்கோட கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனம், ரெண்டு படத்துக்கு 15,000 டாலர் பேசினாங்க. கிளம்பிட்டார்.

தாய்லாந்துல எடுத்த 'தி பிக் பாஸ்' 1971-ல வெளிவந்து ஹாங்காங் வசூல் சாதனைகளை உடைச்சுது. அடுத்த வருஷம் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி', அப்புறம் 'தி வே ஆஃப் தி டிராகன்'. உயரமா உதைக்கவே முடியாதுன்னு டாக்டர்கள் சொன்ன கால், ஆசியா முழுக்கத் தியேட்டர்களை விசிலடிக்க வெச்சுது.

இங்கே கதையைச் சுபம்னு முடிச்சா அழகா இருக்கும். ஆனா உண்மை அப்படி இல்ல. முதுகு வலி அவரை முழுசா விட்டுப் போகவே இல்ல. கடைசி வரைக்கும் கூடவே இருந்துச்சு. ஒவ்வொரு உதைக்கு முன்னாடியும் உடம்பைத் தயார் பண்ணியே ஆகணும். இப்போ அந்த கொலோசியம் வார்ம்-அப் காட்சியைத் திரும்பப் பாருங்க. வேற மாதிரி தெரியுதுல்ல?

ஹாங்காங் கவ்லூன் டாங் வீட்ல பல பயிற்சிகள் செய்யக்கூடிய பெரிய மார்சி மெஷின் ஒண்ணையும் வெச்சிருந்தார். வசதி வந்ததும் மெஷின் பெருசாச்சு. பழக்கம் மட்டும் மாறல.

1973, ஜூலை 20. மூளையில ஏற்பட்ட வீக்கத்தால ஹாங்காங்ல இறந்துபோனார். வயசு 32. 'என்டர் தி டிராகன்' அமெரிக்காவுல வெளியானதை அவர் பார்க்கல. சியாட்டில்ல, ஒரு காலத்துல சர்வர் வேலை பார்த்த அதே ஊர்ல, அடக்கம் பண்ணினாங்க.

இப்போ, உங்க கார்ட்ல இருக்கிற மெஷினுக்கு வருவோம்

வீட்டு உபயோகத்துக்கு மூணு விதமா கிடைக்குது. கதவு மேல மாட்டி, பட்டையை இழுத்துக் காலைத் தூக்குற வகை; கிட்டத்தட்ட புரூஸ் லீயோட கப்பிதான். இடத்தை அடைக்காது, விலையும் கம்மி. அடுத்தது, மூணு கம்பி கொண்டது. தரையில உட்கார்ந்து ரெண்டு கணுக்காலையும் வெச்சுக்கிட்டு, நடுக் கம்பியை இழுத்தா கால் விரியும். மூணாவது, சீட்டும் ஸ்டீயரிங் மாதிரி சக்கரமும் வெச்ச பெரிய மெஷின். சக்கரத்தைச் சுத்தினா ரெண்டு பக்கமும் கால் விரிஞ்சுக்கிட்டே போகும். விட்டாலும் அங்கேயே பூட்டிக்கும்.

வாங்கும்போது கலரைப் பார்க்காதீங்க, பூட்டைப் பாருங்க. வலிச்சா, யாரையும் கூப்பிடாம உங்க கையாலயே சட்டுனு விடுவிக்க முடியுதா? அதான் முதல் கேள்வி. உங்க எடையைத் தாங்குமா, கால் வைக்கிற இடத்துல பஞ்சு இருக்கா, வழுக்காம நிக்குமா, முக்கியமா உங்க ரூம்ல அது விரியுறதுக்கு இடம் இருக்கா? அளவு நாடாவை எடுத்து அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க. கதவுல மாட்டுற வகைன்னா, கதவு உங்க பக்கம் திறக்காத திசையில நில்லுங்க, தாழ்ப்பாளும் போட்டுடுங்க. இல்லன்னா யாராவது கதவைத் திறக்க, நீங்க தரையில இருப்பீங்க!

பயன்படுத்தும்போது, மெஷின்ல ஏறுறதே ரெண்டாவது வேலைதான். முதல் வேலை, 5-லேர்ந்து 10 நிமிஷம் வேகமா நடக்கிறது, இல்லன்னா நின்ன இடத்துல ஓடுறது. உடம்பு சூடாகி, லேசா வியர்க்கட்டும். அப்புறம் மெதுவா விரிச்சு, இழுபடுற உணர்வு வந்ததும் நிறுத்துங்க. 10-லேர்ந்து 30 நொடி அப்படியே இருங்க, மூச்சை அடக்காதீங்க, விட்டுடுங்க. ரெண்டு மூணு முறை திரும்பச் செய்யுங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு நாள்லேர்ந்து ஆரம்பிச்சாப் போதும். ஆட்டி ஆட்டி இழுக்கிறது வேண்டவே வேண்டாம். இழுபடுறது வேற, சுருக்குன்னு குத்துற வலி வேற. குத்தினாலோ, மரத்துப்போனாலோ, கரன்ட் ஷாக் மாதிரி காலுக்கு இறங்கினாலோ அன்னிக்கு அதோட முடிஞ்சுது. டிஸ்க் பிரச்னை, இடுப்பு மூட்டு வலி, சமீபத்துல அடிபட்டது ஏதாவது இருந்தா, பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துட்டுத்தான் மெஷின் பக்கமே போகணும்.

இன்னொரு விஷயம். இது உயரத்தைக் கூட்டும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வளர்ச்சி நின்ன பிறகு இந்த மெஷின் எதுவும் எலும்பை நீட்டாது. தசையோட தாங்கும் எல்லையைத்தான் கொஞ்சம் தள்ளிவைக்கும். புரூஸ் லீ எவ்வளவோ ஸ்ட்ரெட்ச் பண்ணினார். குட்டையான வலது கால் கடைசி வரை குட்டையாவேதான் இருந்துச்சு. அதேபோல, எல்லாராலயும் முழு ஸ்ப்ளிட் போட முடியாது. இடுப்பு மூட்டுக் குழியோட அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். ரீல்ஸ்ல வர்றவரோட எலும்பு வேற, உங்க எலும்பு வேற.

கப்பி விஷயத்தை மனசுல வெச்சுக்கச் சொன்னேன்ல? கயிறை இழுக்கும்போது உங்க கை வலியைக் கேட்டு நிக்கும். சக்கர மெஷின்ல ஒரே சுத்துல உங்களை அறியாமலேயே எல்லையைத் தாண்டிடலாம், பூட்டும் விழுந்துடும். அதனால, சக்கரத்தைக் கயிறு மாதிரி நினைச்சு, கொஞ்சம் கொஞ்சமா சுத்துங்க.

பார்சல் எப்போ வரும்னு ட்ராக் பண்ணிட்டு இருப்பீங்க, தெரியும். வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். இன்னிக்கு சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய், 10 நிமிஷம் வேகமா நடங்க. அந்த 10 நிமிஷத்துக்கு ஒரு ஆகஸ்ட் காலையில புரூஸ் லீ கொடுத்த விலை ஆறு மாசம். உங்களுக்கு அது இலவசமாவே கிடைக்குது!